இரண்டாம் மணிக்குப் பிறகு

தூத்துக்குடி,
8 அக்டோபர் 1945

அன்புள்ள தம்பி வளனுக்கு,

ரயிலில் ஏறாமல் வீடு திரும்பியவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. எந்த வண்டிக்கு எத்தனை பெட்டி என்று முடிவு செய்யும் ஆபீஸில் நீ இருக்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கலாம் என்று கேட்கிறேன்.

நலம் விசாரித்துவிட்டு இதைக் கேட்டிருக்க வேண்டும். கிளாடிஸுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி மாற்றினேன், அவ்வளவுதான்.

விஷயம் இது. இங்கிருந்து காலையில் திருநெல்வேலிக்குப் போகும் வண்டியில், கார்டு பெட்டிக்கு முன்னால் மூன்றாம் வகுப்புப் பெண்கள் பெட்டி ஒன்று இருந்தது. சென்ற திங்கட்கிழமை முதல் அது இல்லை. பல்கீஸை உனக்கு நினைவிருக்கும். இலங்கை வியாபாரி முஹ்யித்தீன் அவர்களின் மகள். போன வருஷம் நீ வந்திருந்தபோது, உன் ரயில்வே கைடைக் கேட்டு வாங்கி, கதவுக்குப் பின்னால் நின்றபடியே எந்த வண்டி எங்கே மற்றதுக்கு வழி விடும் என்று சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தவள். இந்த ஜூனில் பாளையங்கோட்டைப் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தாள். அவர்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பைத் தாண்டிய முதல் பெண். ஹாஸ்டல் கூடாது, தினம் போய் வர வேண்டும், ஆண்கள் இல்லாத பெட்டியில் போக வேண்டும் என்பது அவள் வாப்பாவின் நிபந்தனை. பெட்டி எப்போதும் இருக்கும் என்று நான் உறுதி சொன்னேன். என் தம்பி ரயில்வேயில் இருக்கிறான் என்றும் சொன்னேன்.

இப்போது அவளும், துணைக்குப் போகும் அத்தை ருகையாவும் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து, அதே மாட்டு வண்டியில் திரும்புகிறார்கள். முஹ்யித்தீன் என்னிடம், "கொஞ்ச நாள் பாப்போம் டீச்சர். பெட்டி வந்தா புள்ள போவா. வரலேன்னா அல்லாஹ் வேற வச்சிருக்கான்னு அர்த்தம்" என்றார். அந்த வேறு என்ன என்பதும் எனக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

விசாரித்து எழுது.

அக்காள்,
பிளாரன்ஸ்

*

மதுரை,
30 அக்டோபர் 1945

மரியாதைக்குரிய அக்காவுக்கு வளன் எழுதிக்கொண்டது.

மாதா புண்ணியத்தில் இங்கே குறையில்லை. கிளாடிஸின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் மறந்துவிடுகிறது. நீங்கள் புதுக் கண்ணாடியோடு இருட்டில் திருத்தம் போட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சண்டை முடிந்ததும் வேலை குறையும் என்று நினைத்தோம். கூடிவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். யுத்தத்துக்கென்று கொண்டுபோன பெட்டிகள் திரும்பவில்லை. இருக்கிற பெட்டிகளில் பாதி பழுது. புதிதாக ஒன்று வராது அக்கா. ஓரிடத்தில் கழற்றினால்தான் இன்னோரிடத்தில் மாட்ட முடியும். மேற்கே ஒரு கிளைப்பாதையில் ஜனங்கள் கூரைமேல் உட்கார்ந்து போகிறார்கள். ஆகஸ்டில் படிக்கட்டில் தொங்கிய ஒருவன் விழுந்து இறந்தான். அவன் மனைவி கைப்பிள்ளையோடு எங்கள் ஆபீஸுக்கு வந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

ஆகவே எங்கே பெட்டி காலியாக ஓடுகிறது என்று பார்க்க ஆட்களை அனுப்பினார்கள். தூத்துக்குடியில் சோதனைக்குப் போனவர், பெண்கள் பெட்டி முதல் மணி அடித்தபோது முழுக்கக் காலியாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. அதன்மேல்தான் உத்தரவு.

உங்கள் கேள்விக்கு எனக்கும் விடை தெரியாது. எண்ணியவர்களைத்தான் நாங்கள் எழுதுகிறோம்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
வளன்

*

தூத்துக்குடி,
3 நவம்பர் 1945

அன்புள்ள வளனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிளாடிஸுக்கு வேப்பெண்ணெய் சூடாக்கித் தடவச் சொல். இறந்தவனின் மனைவியைப் பற்றிப் படித்துச் சங்கடப்பட்டேன். அந்தப் பாதைக்குப் பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பெட்டி காலி என்பது தவறு என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் ஆள் முதல் மணிக்கு எட்டிப் பார்த்தார். இந்த ஊரில் தலை முதல் கால் வரை துப்பட்டி போடும் பெண்கள் முதல் மணிக்கு எங்கே இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது போலும். குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், திரை போட்ட கூண்டு வண்டிகளில் இருப்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்கும் ஆண்கள் எல்லோரும் ஏறி முடிக்க வேண்டும். இரண்டாம் மணி அடித்த பிறகு வண்டிக்காரர்கள் இருபுறமும் வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள். அதன் நடுவே வந்து ஏறுவார்கள். உடனே ரயில் கிளம்பிவிடும். சில நாள் ஏழெட்டுப் பேர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சேர்ந்தால் இன்னும் அதிகம். முதல் மணிக்கு எண்ணினால் வருஷம் முழுக்க எண்ணினாலும் பூஜ்யம்தான் வரும்.

இதையெல்லாம் உனக்கு விளக்குவது வீண்வேலை. சிறுவயதில் அந்த வண்டித் திரையைத் தூக்கிப் பார்த்து அப்பாவிடம் அடி வாங்கியவன் நீ. உன் ஆபீஸில் மற்றவர்களுக்குச் சொல்ல உதவும் என்று எழுதுகிறேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் எஸ்றாவிடம் போனேன்.

"பொம்பளப் பெட்டியில பொம்பளயே இல்லம்மா. மொத மணிக்குப் பாத்தா காக்கா கூட இல்ல. அத எதுக்கு மணியாச்சி ஜங்ஷன் வரைக்கும் இழுத்துட்டுப் போவணும்?"

"இரண்டாம் மணிக்குப் பார்த்தீர்களா?"

"ரெண்டாம் மணிக்கு நான் கொடியப் பாக்கவா, பொம்பளைய எண்ணவா? நீங்களே சொல்லுங்க."

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. வண்டி கிளம்பிய பிறகு, வழியில் தட்டப்பாறை ஸ்டேஷனில் வைத்து எண்ணச் சொல். அது போதும். சீக்கிரம் செய். பல்கீஸ் வீட்டிலிருந்தே பாடம் படிக்கிறாள். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சைக்கு விடமாட்டார்கள்.

பிளாரன்ஸ்

*

தூத்துக்குடி,
26 நவம்பர் 1945

வளனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, மற்றபடி சுகம்.

போன வாரம் நானே பல்கீஸையும் அத்தையையும் பொதுப்பெட்டியில் அழைத்துப்போனேன். முஹ்யித்தீன் அரைமனதாகச் சம்மதித்தார். ஆண்கள் ஏறுவதற்கு முன்பே போய்விடலாம் என்று பார்த்தால், அவர்கள் எங்களுக்கு முன்பே ஜன்னல் வழியாக ஏறியிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டியில் இரண்டு பேர் ஏறுவதைப் பார்த்து ஒருவன், "ஏலே, ரெண்டு மூட்ட ஏறுதுலே. லக்கேஜுக்குச் சீட்டு போட்டாச்சா?" என்றான். பெட்டி முழுக்கச் சிரிப்பு.

நான் வாயைத் திறப்பதற்குள் துப்பட்டிக்குள்ளிருந்து பல்கீஸ் அவனை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்: "மூட்டைக்கு எண்ணத் தெரியும் காக்கா. அஞ்சு பேர் உக்கார்ற பெஞ்சுல நீங்க மூணு பேர் இருக்கீங்க. தள்ளுங்க."

மறுபடியும் சிரிப்பு, இந்தத் தடவை அவனைப் பார்த்து. "ஏ, மூட்ட நம்மளயே எண்ணிட்டுலே" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தான். அவன் கெட்டவன் இல்லை. இறங்கும்போது ருகையாவின் கூடையை அவனே எடுத்துக் கொடுத்தான். பல்கீஸுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். "டீச்சர், இனி எனக்குப் பெட்டியே வேண்டாம்" என்றாள்.

மாலைக்குள் செய்தி கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. முஹ்யித்தீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பேசியிருப்பேன். "டீச்சர், எம் மவ கொரல ஒரு பெட்டி நெறைய ஆம்பளைங்க கேட்டுருக்காங்க" என்றார். பிறகு எனக்கு டீ வரவழைத்தார். அதோடு பொதுப்பெட்டிப் பயணம் நின்றது.

தட்டப்பாறையில் எண்ணினார்களா?

பிளாரன்ஸ்

*

மதுரை,
6 டிசம்பர் 1945

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உங்கள் இரு கடிதங்களும் வந்தன. நாங்கள் நலம். வேப்பெண்ணெய் குணம் கொடுத்தது. வாசனைதான் தாங்க முடியவில்லை என்கிறாள் கிளாடிஸ்.

மேலதிகாரியிடம் பேசினேன். மறுபடியும் எண்ண வேண்டுமென்றால் அதற்குத் தேவை இருப்பதாக டிக்கெட் விற்பனை காட்ட வேண்டும். டிக்கெட்டில் ஆண், பெண் என்று இல்லை. பெட்டி எடுத்த பிறகு அந்த வண்டிக்கு டிக்கெட் குறைந்திருந்தாலாவது பெண்கள் வரவில்லை என்று சொல்லலாம். குறையவில்லை. காலியான இடத்துக்கும் சேர்த்து ஆண்கள் வாங்கிவிடுகிறார்கள். ஆகவே தாளில் பார்த்தால், பெட்டியை எடுத்ததால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று தெரிகிறது. நான் சொல்வது தாளில் இருப்பதை மட்டும்.

மேற்கே அந்தப் பெட்டி மாட்டிய பாதையில் இப்போது கூரைமேல் யாரும் போவதில்லை. இதையும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பெண் பேசியதைக் கிளாடிஸுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். மீதியையும் படித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. லீவு இல்லை.

வளன்

*

தூத்துக்குடி,
28 டிசம்பர் 1945

மதிப்புக்குரிய டீச்சருக்கு பல்கீஸ் ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் உம்மாவும் மற்றவர்களும் நலம். நீங்கள் கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு அனுப்பிய பலகாரம் எல்லோரும் சாப்பிட்டோம். தம்பி ஹாமிது தனக்குக் குறைவாகக் கிடைத்தது என்று அழுதான். எண்ணிக் காட்டியும் நம்பவில்லை.

அல்ஜீப்ரா புத்தகத்தையும் டிரிக்னாமெட்ரி புத்தகத்தையும் ருகையா மாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். மழையில் ஒன்றின் அட்டை ஊறிவிட்டது, மன்னிக்க வேண்டும். ஐந்தாம் பாடத்தில் கடைசிக் கணக்கு மட்டும் வரவில்லை. பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அடுத்த பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கும்போது அதை நீங்கள் அழித்துவிடலாம்.

காயலிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள். காயலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், போய்ப் பார்த்தோம். எனக்கு அந்தச் சுண்ணாம்பு வாசனை பிடிக்கும்.

மாட்டு வண்டியைக் கொடுத்துவிட்டோம். இனி தேவையில்லை என்று வாப்பா சொன்னார்கள்.

உங்கள் மாணவி,
பல்கீஸ்

*

தூத்துக்குடி,
15 ஜனவரி 1946

வளனுக்கு,

உனக்கும் கிளாடிஸுக்கும் புது வருஷம் நன்றாக இருக்கட்டும். எனக்கு ஜலதோஷம், சொல்லும்படி ஒன்றுமில்லை.

வருஷப் பிறப்புப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் கார்டு கிளாட்வினைப் பார்த்தேன். "தம்பி சௌக்கியமாம்மா? செப்டம்பர்ல பாத்தது. நாலு நாள் ரெஸ்ட் ஹவுஸ்லதான் இருந்தாரு. காலையில காலையில வந்து அந்தப் பொம்பளப் பெட்டிய எட்டிப் பாத்துட்டுப் போவாரு. வீட்டுக்கு வந்திருப்பாரே?" என்றார்.

வந்தான் என்று சொன்னேன். அவர் முன்னால் வேறு என்ன சொல்வது?

"சோதனைக்குப் போனவர்" என்று எழுதினாய். இலக்கணப்படி அதில் பிழையில்லை.

நீ நாலு நாள் இந்த ஊரில் இருந்து, அக்காள் வீட்டுக்கு வராமல் போனது ஏன் என்று கேட்கமாட்டேன். வந்திருந்தால் எதற்காக வந்தாய் என்று நான் கேட்டிருப்பேன். அது உனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். முதல் மணிக்கு அந்தப் பெட்டி காலியாகத்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா? மதுரைக்காரனோ திருச்சிக்காரனோ வந்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டேன்.

தெரியாது என்றால், நீ இந்த ஊரை மறந்துவிட்டாய், அவ்வளவுதான். தெரியும் என்றால், கைப்பிள்ளையோடு ஒருத்தி உன் மேசைக்கு முன்னால் நின்றாள். இந்தத் துப்பட்டிப் பெண்களில் யாரும் அப்படி வந்து நிற்கமாட்டார்கள் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

பல்கீஸுக்குப் பிப்ரவரி கடைசியில் நிக்காஹ். காயலில்.

பிளாரன்ஸ்

*

மதுரை,
22 பிப்ரவரி 1946

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நம்புகிறோம். கிளாடிஸ் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஒரு மெழுகுவர்த்தி அனுப்பியிருக்கிறாள். உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றாலும் ஏற்றச் சொன்னாள்.

பழுது பார்க்கப் போயிருந்த பெட்டிகளில் சில திரும்பின. அதில் ஒன்றைத் தூத்துக்குடிக்குக் கேட்டு வாங்கினேன். மார்ச் நாலாம் தேதி திங்கட்கிழமை முதல் காலை வண்டியில் பெண்கள் பெட்டி மறுபடி இருக்கும். சோதனை முறையில் ஒரு மாதம். இரண்டாம் மணி அடித்த பிறகு ஒரு தடவையும், தட்டப்பாறையில் ஒரு தடவையும் கார்டு எண்ணி எழுத வேண்டும் என்று உத்தரவில் சேர்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டபடியே.

செப்டம்பரில் நான் குட்ஸ் ஷெட் பக்கம் போகவில்லை.

அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லவும்.

வளன்

*

தூத்துக்குடி,
3 மார்ச் 1946, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

மெழுகுவர்த்தியை ஏற்றினேன். கிளாடிஸிடம் சொல். ஜலதோஷம் அதற்கு முன்பே விட்டுவிட்டது, அதைச் சொல்லாதே.

குட்ஸ் ஷெட் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கு மேல் நீ எழுதவில்லை. நானும் இனிக் கேட்கவில்லை.

பெட்டி வருகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பல்கீஸுக்குப் புதன்கிழமை நிக்காஹ் ஆயிற்று. நான் போயிருந்தேன். காயலில் பெண்ணை வெளியே அனுப்புவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். புது வெள்ளை அடித்த அவர்களுடைய காயல் வீட்டில், நிறைய நகையோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டி திரும்பி வருகிறது என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே, "டீச்சர், அஞ்சாம் பாடத்துக் கடைசிக் கணக்கு போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். போட்டேன், புத்தகத்தில் விடை தப்பாக அச்சாகியிருக்கிறது என்றேன். "அப்ப நான் போட்டது சரி" என்றாள். பிறகு பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை.

பதுருன்னிஸா என்று ஒரு பெண். பல்கீஸோடு அதே பெட்டியில் திருநெல்வேலிக்குப் பயிற்சிப் பள்ளிக்குப் போனவள். வராததால் பள்ளியில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். "அடுத்த வருஷம் பாப்போம்" என்கிறார் அவள் தகப்பனார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இப்போது கூட்டாக வாடகைக் கார் பிடிக்கிறார்கள். கிழடான கார், வழியில் நின்று நின்று போகிறது, ஆனால் திரை போட்டிருக்கிறது. ருகையா அத்தை, "பெட்டி வரட்டும்னு அஞ்சு மாசம் யாரு நோவு காத்திருக்கும் டீச்சர்?" என்றாள். நியாயம்தான்.

ஆனாலும் நாளை ஒருவராவது வரலாம். ஊகத்தை எழுதி அனுப்ப விருப்பமில்லை. நாளை நடந்ததை இதே தாளில் எழுதித்தான் தபாலில் போடுவேன்.

4 மார்ச், திங்கள்

முதல் மணிக்கு முன்பே போய்விட்டேன். பெட்டி வந்திருந்தது. பழுது பார்த்த பழைய பெட்டி ஒன்றுதான், புதிதாகப் பச்சை அடித்து, "பெண்கள்" என்று எழுதி, துப்பட்டிப் பெண் ஒருத்தியின் தலையையும் வரைந்திருந்தார்கள். ஓவியன் நன்றாக வரைந்திருக்கிறான்.

குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். உப்பு மூட்டை இறக்கும் வண்டிகள் நின்றன. திரை போட்ட வண்டி ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் மணி அடித்தது. யாரும் வரவில்லை. நான் தட்டப்பாறைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஏறி உட்கார்ந்தேன். பக்கத்துப் பெட்டியில் ஆண்கள் வாசலை அடைத்துக்கொண்டு தொங்கினார்கள். ஒருவன் இந்தப் பக்கம் வந்து, "இது சும்மாத்தானே போவுது, ஒரு ஓரமா நின்னுக்கிடட்டுமா தாயே?" என்று கேட்டான். கிளாட்வின் பின்னாலிருந்து, "ஏலே, எழுதியிருக்கது கண்ணுல படலியா? எறங்குலே" என்று விரட்டினார். அவன் போய்ப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டான்.

கிளாட்வின் உள்ளே எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, ஒங்க ஒருத்தருக்கா இவ்வளவு பெரிய பெட்டிய மதுரையிலேருந்து அனுப்பிச்சாரு தம்பி?" என்று சிரித்தார். பிறகு, "ஒண்ணுன்னு எழுதிக்கிடட்டுமா?" என்றார்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வண்டி கிளம்பியது. பாதி வழியில், தொங்கிக்கொண்டிருந்தவனின் துண்டு பறந்து உப்பளத்தில் விழுந்ததை ஜன்னலில் பார்த்தேன். அவன் விழவில்லை. தட்டப்பாறையில் இறங்கினேன். கிளாட்வின் மறுபடி வந்து, காலிப் பெட்டியைப் பார்த்து, உத்தரவுப்படி எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. இந்தத் தடவை எண்ணிக்கை சரி.

திரும்பும் பகல் வண்டியில் பெண்கள் பெட்டி இல்லை. நின்றுகொண்டு வந்தேன்.

பிளாரன்ஸ்